அறுப்பைக் காணாமல் படகேறினவர்



பிரியமானவர்களே, கொஞ்ச நாளைக்கு முன்னால் ஓர் ஊழியர் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு ஊழியராக எழுந்து, இந்த வருஷம் தன் சபையில் எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று சொல்லச் சொன்னார்கள். ஒருவர் இருபது என்றார். இன்னொருவர் முப்பத்தைந்து என்றார். ஒவ்வொன்றுக்கும் அல்லேலூயா சத்தம் எழும்பிற்று. என் முறை வந்தது. எழுந்து நின்று, ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதிதான் என்னைக் குத்திற்று.

மருங்காபுரிக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, ஆண்டவரே, இந்த ஊரை விட்டுப் போயிடட்டுமா என்று கேட்டேன். வெளியே பார்த்தால் காய்ந்த செம்மண், கருவேல மரம், தண்ணீர் இல்லாத குளம். என் ஊழியமும் இப்படித்தானே கிடக்கிறது என்று மனசு சொல்லிற்று.

அன்று ராத்திரி ஜெபத்தில் கர்த்தர் எனக்கு ஒரு மனுஷனை ஞாபகப்படுத்தினார். வேதாகமக் கல்லூரியில் படிக்கிற காலத்தில் சபைச் சரித்திரத்தில் படித்த பேர். தமிழ்நாட்டில் அவரை அறிந்தவர்கள் கொஞ்சம்தான். ஆனால் நம்ம தேசத்தின் வடகிழக்கு மூலையிலே, மிசோரம் மாநிலத்திலே, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அவர் பேர் தெரியும். அவர் அங்கே வந்து இறங்கின ஜனவரி 11ஆம் தேதியை இன்றைக்கும் மிஷனரி தினம் என்று சொல்லி அந்த மாநிலமே விடுமுறை விட்டு ஆசரிக்கிறது. அவர்தான் ஜேம்ஸ் ஹெர்பர்ட் லொரேன். மிசோ ஜனங்கள் வைத்த பேர் பூ புவாங்கா. பூ என்றால் நாம் ஐயா என்கிற மாதிரி மரியாதைச் சொல். புவாங்கா என்பது அவருடைய தலைமயிரின் சாம்பல் நிறத்தைப் பார்த்து வைத்தது.

தந்தி ஆபீஸ் வாலிபன்

லொரேன் 1870ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி லண்டன் பட்டணத்தில் பிறந்தார். பெரிய படிப்பு படித்த வேத பண்டிதர் இல்லை. லண்டன் தபால் இலாகாவில் தந்தி அடிக்கிற உத்தியோகம். ஹைகேட் ரோடு பாப்டிஸ்ட் சபையில் ஒரு விசுவாசி. எங்கேயோ இருந்து வருகிற சத்தத்தைக் கூர்ந்து கேட்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொள்வதுதான் தந்தி ஆபீஸ் வேலை. அந்த வாலிபனுக்குத் தெரியாது, தன் ஆயுசு முழுவதும் செய்யப்போகிற ஊழியத்துக்கு கர்த்தர் அங்கேயே பழக்கிக்கொண்டிருக்கிறார் என்று.

அந்த நாளில் இங்கிலாந்தின் லீட்ஸ் பட்டணத்தில் ராபர்ட் ஆர்த்திங்டன் என்று ஒரு கோடீசுவரர் இருந்தார். அவ்வளவு ஆஸ்தி இருந்தும் பரம ஏழை மாதிரி ஜீவித்தார். ஊரார் அவரைக் கஞ்சன் என்று பரியாசம் பண்ணினார்கள். ஆனால் பணத்தை அவர் யாருக்குச் சேர்த்தார் தெரியுமா? சுவிசேஷத்தை ஒருதரம்கூடக் கேளாத ஜாதிகளுக்கு! ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றில் மிஷனரிகளுக்காக ஓடின பீஸ் என்கிற நீராவிப் படகுக்குப் பணம் கொடுத்தவர் இவர்தான். பூமியின் எல்லா ஜாதிகளுக்கும் சுவிசேஷம் போய்விட்டால் ஆண்டவருடைய வருகை சீக்கிரமாகும் என்று மத்தேயு 24ஆம் அதிகாரத்தை வைத்து அவர் திடமாய் நம்பினார். அதனால் தான் அனுப்புகிற மிஷனரிகள் ஒரே இடத்தில் வேரூன்றக் கூடாது, கொஞ்ச வருஷம் சுவிசேஷம் சொல்லிவிட்டு அடுத்த ஜாதியிடம் போய்விட வேண்டும் என்பது அவருடைய சட்டம். வாசகர்களே, இந்தச் சட்டத்தை மனதில் வையுங்கள். பின்னால் இதுதான் லொரேனுடைய இருதயத்தை உடைக்கப்போகிறது.

1891ஆம் ஆண்டில் லொரேன் இந்த ஆர்த்திங்டன் மிஷன் மூலமாக இந்தியாவுக்கு வந்தார். அதே வருஷக் கடைசியில் அதே சபையைச் சேர்ந்த பிரெடரிக் வில்லியம் சாவிட்ஜ் என்கிற பள்ளி ஆசிரியரும் வந்து சேர்ந்தார். சாவிட்ஜ் எட்டு வயசு மூத்தவர். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே நுகத்தில் பூட்டின காளைகள் மாதிரி ஆனார்கள்.

கதவு திறக்காத வருஷங்கள்

வந்த உடனே ஊழியம் ஆரம்பிச்சுட்டாங்க என்று நினைக்காதீங்க. முதலில் திரிபுராவுக்குப் போகப் பார்த்தார்கள். அங்கே இருந்த மகாராஜா அனுமதி கொடுக்கவில்லை. சிட்டகாங் பக்கம் போய்ப் பார்த்தார்கள். காய்ச்சல் பிடித்துக்கொண்டது. கடைசியில் அஸ்ஸாமில் பராக் ஆற்றின் கரையிலுள்ள சில்சார் பட்டணத்துக்கு வந்தார்கள். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அதற்குத் தெற்கே லூஷாய் மலைகள். அந்த மலைக்குள் போக அரசாங்கத்தின் உத்தரவு வேண்டும். உத்தரவுக்காகப் பல மாதம் காத்திருந்தார்கள்.

ஏன் உத்தரவு கொடுக்கத் தயங்கினார்கள்? அந்த மலைகளின் ஜனங்கள் அன்றைக்கு யுத்த வீரர்கள். எதிரியின் தலையை வெட்டிக் கொண்டுவருவது அங்கே வீரத்துக்கு அடையாளம். 1871ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் பாய்ந்து வின்செஸ்டர் என்கிற ஆங்கிலேயரைக் கொன்று, மேரி என்கிற அவருடைய சிறுமியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன்பின் பிரிட்டிஷ் சேனை படையெடுத்தது. 1890 வாக்கில் அந்த மலைகளைத் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்தது. ஆகவே அந்த ஜனங்களுக்கு வெள்ளைக்காரன் என்றால் துப்பாக்கி, வரி, கட்டாயக் கூலி. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். துப்பாக்கி போன பாதையிலேதான் சுவிசேஷமும் போக வேண்டியதாயிற்று. அதனாலேயே ஊழியம் இரட்டிப்புக் கஷ்டமாயிற்று.

பதினேழு நாள் படகுப் பயணம்

கடைசியில் உத்தரவு கிடைத்தது. 1893ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி, கிறிஸ்மஸுக்கு மறுநாள், இரண்டு பேரும் சில்சாரிலிருந்து படகேறினார்கள். ட்லாங் என்கிற ஆறு. சமவெளி ஜனங்கள் அதைத் தலேஸ்வரி என்பார்கள். தெற்கே மலைகளுக்குள்ளிருந்து வடக்கே ஓடிவந்து பராக் ஆற்றில் கலக்கிறது. இவர்கள் அதை எதிர்த்து மேலே போக வேண்டும். அந்தக் காட்டுக்குள் ரோடு கிடையாது, ஆறுதான் ரோடு.

காவேரிக் கரையில் வளர்ந்த நம்ம திருச்சி, ஸ்ரீரங்கம் ஜனங்களுக்கு ஆறு என்றால் அகலமான மணல், படித்துறை, இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். அந்த ஆறு அப்படிப்பட்டது இல்லை. இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. மலை முழுக்க மூங்கில், அதற்கு மேலே வானம் தெரியாதபடி மரம், மரத்தை மரத்தோடு கட்டுகிற கொடிகள். வருஷத்துக்கு ஏறக்குறைய 250 சென்டிமீட்டர் மழை பெய்கிற பூமி. நம்ம பக்கம் பெய்கிற மழை அதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். விடியற்காலையில் மூடுபனி. மூடுபனிக்குள்ளிருந்து வாலில்லாக் குரங்குகளின் கூக்குரல். தலைக்கு மேலே இருவாட்சிப் பறவைகள் சிறகடித்துப் போகிற சத்தம். கரையில் கால் வைத்தால் அட்டை. ராத்திரியில் கொசு. அந்தக் கொசுவோடு மலேரியாக் காய்ச்சல்.

படகோட்டிகள் மூங்கில் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளினால்தான் படகு முன்னே போகும். தண்ணீர் குறைந்த இடத்தில் இறங்கி இழுக்க வேண்டும். ஆற்றங்கரையில் அங்கங்கே சின்னச் சின்னத் துறைகள். வியாபாரிகள் உப்பும் துணியும் கொண்டுவந்து விற்று, மலை ஜனங்களிடம் காட்டுப் பொருட்களை வாங்கிக்கொண்டு போவார்கள். சாங்சில் என்கிற துறை அப்படிப்பட்டது. அதையும் தாண்டி 1894ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் தேதி சைராங் என்கிற ஆற்றங்கரைக் கிராமத்தில் இறங்கினார்கள். பதினேழு நாள்! அங்கிருந்து மலையேறி ஐசால் போய்ச் சேர்ந்தார்கள்.

இன்றைக்கு அதே சைராங்குக்கு ரயில் போகிறது. பைராபியிலிருந்து சைராங் வரைக்கும் 51 கிலோமீட்டர் பாதை, 48 சுரங்கங்களைக் குடைந்து போட்டது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் தேதி திறந்து வைத்தார்கள். அன்றைக்கு அந்தக் கரையிலே இறங்கின இரண்டு பேருக்கு வரவேற்க ஆள் இல்லை, மேளம் இல்லை, மாலை இல்லை.

எழுத்தில்லாத பாஷை

ஐசாலில் ஒரு குன்றின் மேல் அவர்கள் வீடு கட்டிக் குடியேறினார்கள். ஜனங்களுக்கு இவர்களைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. துப்பாக்கி இல்லை, வரி கேட்கவில்லை, கூலிக்குப் பிடிக்கவில்லை. இதென்ன வெள்ளைக்காரர்கள்? வேலையில்லாமல் சுற்றித் திரிகிற துரைகள் என்கிற அர்த்தத்தில் ஒரு பேரும் வைத்தார்கள்.

சுற்றித் திரிந்துகொண்டே லொரேன் என்ன செய்தார் தெரியுமா? கேட்டார். எழுதினார். தந்தி ஆபீஸில் செய்த அதே வேலை! மிசோ பாஷைக்கு அன்றைக்கு எழுத்தே இல்லை. புஸ்தகம் இல்லை, அகராதி இல்லை, சொல்லித் தர வாத்தியார் இல்லை. போதாக்குறைக்கு அது ஏற்ற இறக்கச் சத்தத்தால் அர்த்தம் மாறுகிற பாஷை. லெய் என்கிற ஒரே சொல், சத்தம் மாறினால் மண் ஆகும், நாக்கு ஆகும், விலைக்கு வாங்குவது ஆகும். ஒரு சத்தம் தவறினால் பிரசங்கமே கவிழ்ந்து போகும்.

வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ரோம எழுத்துக்களை வைத்து அந்தப் பாஷைக்கு ஓர் எழுத்து முறையை உண்டாக்கி, 1894ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டார்கள். முதல் மாணாக்கர்கள் சுவாகா, தாங்புங்கா என்கிற இரண்டு பேர். இரண்டே பேர்! சில மாற்றங்களோடு அந்த எழுத்தைத்தான் இன்றைக்கும் மிசோ ஜனங்கள் எழுதுகிறார்கள். பத்திரிகை அச்சடிப்பதும், பரீட்சை எழுதுவதும், பிள்ளைகள் தாய்க்குக் கடிதம் போடுவதும் அந்த எழுத்தில்தான்.

பலவானை முந்திக் கட்டினவர்

பாஷை வந்தது. பிரசங்கம் ஆரம்பித்தது. ஆனால் ஒரு பெரிய முட்டுக்கட்டை. நீங்கள் பாவிகள், இயேசு உங்கள் பாவத்திலிருந்து இரட்சிக்க வந்தார் என்று இவர்கள் சொன்னால், கேட்கிறவர்கள் மரியாதையாய்க் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பாவ உணர்வு என்பதே அவர்கள் சிந்தையில் இல்லை. இல்லாத வியாதிக்கு மருந்து கொடுத்தால் யார் வாங்குவார்கள்?

லொரேன் மறுபடியும் கேட்க ஆரம்பித்தார். இந்த ஜனங்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்? ராத்திரியில் எதை நினைத்து நடுங்குகிறார்கள்? பதில் தெரிந்தது. பதியான் என்று ஒரு பெரிய கடவுள் உண்டு என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் அன்றாட ஜீவியத்தை ஆண்டது ஹுவாய் என்கிற பொல்லாத ஆவிகள். பெரிய மரத்தில் ஆவி, பாறையில் ஆவி, நீர்ச்சுனையில் ஆவி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்த ஆவி பிடித்தது என்று பூசாரியிடம் கேட்டு, கோழியையும் பன்றியையும் பலி கொடுக்க வேண்டும். அதிலும் சொஸ்தமாகவில்லை என்றால் இன்னொரு பலி. ஏழைக் குடும்பம் என்ன செய்யும்?

அப்போதுதான் அவர்கள் பிரசங்கத்தை வேறே பக்கமிருந்து ஆரம்பித்தார்கள். இயேசு பிசாசை ஜெயித்தவர்! பலவானை முந்திக் கட்டி, அவன் வீட்டைக் கொள்ளையிட்டவர் என்று மாற்கு 3ஆம் அதிகாரத்தில் காண்கிறோமே, அதைச் சொன்னார்கள். இதைக் கேட்டதும் மிசோ ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இதுதான் அவர்களுக்கு நற்செய்தியாகக் காதில் விழுந்தது. பாவ மன்னிப்பின் சத்தியம் வேண்டாமென்று விட்டுவிடவில்லை. பயத்தின் கட்டு அவிழ்ந்த பிறகு அதற்கு வாசல் திறந்தது.

பிரியமானவர்களே, இதைப் படிக்கும்போது நம்ம கிராமங்கள் என் கண் முன்னால் வந்தன. மத்தியானம் அந்தப் புளிய மரத்தடியில் போகாதே என்று தாய்மார் பிள்ளையை மிரட்டுகிறார்கள். மாடு செத்தால் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று குறி கேட்க ஓடுகிறார்கள், கடன் வாங்கித் தாயத்துக் கட்டுகிறார்கள். நானோ கல்லூரியில் படித்த குறிப்புகளை வைத்துக்கொண்டு, அவர்கள் கேளாத கேள்விக்குப் பதில் பிரசங்கித்துக்கொண்டிருந்தேன். முதலில் கேள், பிறகு பேசு என்று கர்த்தர் என்னைக் கடிந்துகொண்டார்.

போ என்கிற உத்தரவு

நாலு வருஷம் போயிற்று. லூக்கா, யோவான், அப்போஸ்தலருடைய நடபடிகள் ஆகிய மூன்று புஸ்தகங்களை மொழிபெயர்த்து முடித்தார்கள். இலக்கணமும் அகராதியும் தயாராயின. ஜனங்கள் நெருங்கி வர ஆரம்பித்தார்கள். நிலம் உழுது, விதைத்து, முளை விடுகிற நேரம். அப்போதுதான் ஆர்த்திங்டனின் சட்டம் குறுக்கே வந்தது. அந்த ஜாதிக்குச் சுவிசேஷம் சொல்லியாயிற்று, அடுத்த ஜாதியிடம் போக வேண்டும்.

1897ஆம் ஆண்டில் வேல்ஸ் தேசத்து மிஷனைச் சேர்ந்த டி. ஈ. ஜோன்ஸ் என்கிற வாலிப ஊழியர் ஐசாலுக்கு வந்தார். லொரேனும் சாவிட்ஜும் நாலு வருஷம் சேர்த்ததையெல்லாம், பள்ளிக்கூடம், வீடு, கற்றுக்கொண்ட பாஷை, எல்லாவற்றையும் அவர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டு, அந்த வருஷ முடிவில் மலையிலிருந்து இறங்கினார்கள். அன்றைக்கு அந்த மலையில் ஞானஸ்நானம் பெற்ற விசுவாசி எத்தனை பேர் தெரியுமா?

ஒருவரும் இல்லை.

நாலு வருஷ ஊழியம். காய்ச்சல், தனிமை, அட்டைக்கடி, பரியாசம். கணக்குக் கேட்டால் பூஜ்யம். ஐக்கியக் கூட்டத்தில் அந்த அமைதியிலே நான் உட்கார்ந்தேனே, அதே அமைதியில் இந்தத் தேவ மனுஷன் அந்த மலையை விட்டு இறங்கினார். அடுத்த வருஷம், 1898இல், அவருடைய அகராதியும் அந்த மூன்று வேத புஸ்தகங்களும் அச்சாகி வந்தன. தன் பாஷையில் சுவிசேஷத்தை ஒரு மிசோ மனுஷன் கையில் எடுத்தபோது அதைப் பார்க்க லொரேன் அங்கே இல்லை. 1899ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் தேதி கூமா, காரா என்கிற இரண்டு பேர் அந்த மலைகளின் முதற்கனியாக ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்போதும் லொரேன் அங்கே இல்லை.

ஆர்த்திங்டன் செய்தது சரியா, தப்பா? விதைத்தவனை அறுப்புக்கு முன்னாலே விரட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். நானும் கேட்டேன். ஆனால் அந்த மனுஷன் பணமும் பாரமும் கொடுத்திராவிட்டால் படகே கிளம்பியிருக்காது. மனுஷருடைய அவசரத்தையும் கர்த்தர் தம்முடைய நிதானத்துக்குள் வைத்து நடத்துகிறார். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு ஆறு, இன்னொரு பாஷை

கீழ்ப்படிந்தவர்கள் சும்மா இருந்தார்களா? இங்கிலாந்துக்குப் போனார்கள். தாங்களே ஒரு சின்ன மிஷனை உண்டாக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். இந்தத் தடவை அஸ்ஸாமின் கடைசி முனையிலுள்ள சதியா. பெரிய ஆறுகள் மூன்று மலைகளிலிருந்து இறங்கிவந்து பிரம்மபுத்திராவாகக் கூடுகிற இடத்துக்குப் பக்கத்தில் அந்த ஊர் இருந்தது. அபோர், மிரி என்று அன்றைக்கு அழைக்கப்பட்ட ஜனங்கள் நடுவில் மறுபடியும் ஆனா, ஆவன்னாவிலிருந்து ஆரம்பம். மறுபடியும் கேட்டார், எழுதினார். அவர் தொகுத்த அந்தப் பாஷையின் அகராதி 1907இல் ஷில்லாங்கில் அச்சாயிற்று. அவர் நடந்த அந்தப் பழைய சதியா பட்டணம் இன்றைக்கு இல்லை. 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி வந்த பெரிய பூகம்பத்துக்குப் பிறகு ஆறு அதை அரித்து விழுங்கிவிட்டது. பட்டணம் போயிற்று. அந்தப் புஸ்தகம் போகவில்லை.

திரும்பி வந்தபோது

இதற்கிடையில் லண்டனிலிருந்த பாப்டிஸ்ட் மிஷனரி சங்கம், லூஷாய் மலைகளின் தெற்குப் பகுதிக்கு ஊழியர்கள் வேண்டும் என்று இந்த இரண்டு பேரையும் அழைத்தது. போ என்று சொன்ன மலைக்கே திரும்பி வா என்கிற அழைப்பு!

தெற்கு மலைக்கு வழி வேறே. சிட்டகாங் துறைமுகத்திலிருந்து கர்ணபுலி ஆற்றில் ரங்காமாட்டி வழியாக டெமாகிரி வரைக்கும் படகு. அதற்கப்புறம் மலைப்பாதையில் நடைதான். 1903ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் தேதி லுங்லேய் பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். செர்கான் என்கிற குன்று அவர்களுடைய ஊழிய ஸ்தலமாயிற்று.

முதல் தடவை சைராங் கரையில் வரவேற்க ஆள் இல்லை என்று சொன்னேன் அல்லவா? இந்தத் தடவை தெற்கு மலைகளில் 125 கிறிஸ்தவர்கள் இருந்தார்கள்! யார் விதைத்தது? வேல்ஸ் மிஷனரிகளும் மிசோ விசுவாசிகளும் வடக்கிலிருந்து நாள் கணக்காய் நடந்து வந்து சொன்ன சுவிசேஷம். அவர்கள் எதை வைத்துச் சொன்னார்கள்? லொரேன் எழுதிக் கொடுத்த எழுத்தை, லொரேன் மொழிபெயர்த்த வேத புஸ்தகத்தை வைத்து. தான் பிரசங்கம் பண்ணாத ஊரில், தான் முகம் பாராத ஜனங்கள், தான் எழுதின எழுத்தில் வேதம் படித்து இயேசுவை அறிந்திருந்தார்கள். அன்றைக்கு அவர் இருதயம் எப்படிப் பொங்கியிருக்கும்! யோவான் 4ஆம் அதிகாரத்தில் விதைக்கிறவனையும் அறுக்கிறவனையும் பற்றி ஆண்டவர் சொன்ன காரியம் அந்தக் குன்றின் மேல் மாம்சமாய் நின்றது.

அதன்பின் ஏறக்குறைய முப்பது வருஷம் லொரேன் செர்கானில் ஊழியம் செய்தார். சாவிட்ஜ் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டார். மிசோ ஜனங்கள் அவருக்கு சாப் உபா, அதாவது மூத்த துரை, என்று பேர் வைத்தார்கள். லொரேனுடைய தம்பி ரெஜினால்டும் 1907இல் வந்தார். அவர் இன்னும் தெற்கே கொலோடைன் ஆற்றுப் பக்கம் மாரா ஜனங்களிடம் போய், அவர்கள் பாஷைக்கும் எழுத்து உண்டாக்கினார்.

அக்கினியும் பஞ்சமும்

எழுப்புதலுக்காக ஜெபிக்கிற நாம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1904இல் வேல்ஸ் தேசத்தில் எழுப்புதல் அக்கினி பற்றிற்று. 1905இல் அது காசி மலைகளுக்கு வந்தது. அதைக் கேள்விப்பட்ட மிசோ விசுவாசிகள் சிலர் 1906இல் காடும் மலையும் கடந்து நாள் கணக்காய் நடந்து காசி மலைக் கூட்டத்துக்குப் போனார்கள். திரும்பி வந்தபின் ஏப்ரல் 9ஆம் தேதி ஐசாலில், தெற்கே போக வேண்டிய சகோதரரை வழியனுப்புகிற ஜெபக்கூட்டம் நடந்தது. சின்னக் கூட்டம். அதிலே ஆவியானவர் இறங்கினார்! அழுகையும் பாவ அறிக்கையும் ஸ்தோத்திரமும் அந்த மலைகளை நிரப்பிற்று. முதலில் பாவ உணர்வே இல்லை என்று சொன்னோமே, அதே ஜனங்கள் இப்போது பாவத்துக்காக முகங்குப்புற விழுந்து அழுதார்கள். இது மனுஷனுடைய பிரசங்கத்தால் வந்ததா?

உடனே எல்லாம் சுகமாய்ப் போய்விடவில்லை. 1908இல் கிறிஸ்தவ மார்க்கத்தைக் கேலி பண்ணும்படி பூமா சாய் என்கிற பாட்டும் ஆட்டமும் மலை முழுவதும் பரவிற்று. தலைவர்கள் அதற்கு ஆதரவு கொடுத்தார்கள். விசுவாசிகளில் பலர் தளர்ந்தார்கள். 1911-12இல் மௌதம் என்கிற பஞ்சம் வந்தது. காட்டு மூங்கில் எல்லாம் ஏறக்குறைய 48 வருஷத்துக்கு ஒருதரம் ஒரே காலத்தில் பூத்துக் காய்த்துச் சாகும். அந்தக் காயைத் தின்று எலிகள் கணக்கில்லாமல் பெருகி, பிறகு வயலில் இறங்கி ஒரே ராத்திரியில் நெல்லைத் தின்று தீர்த்துவிடும். காட்டைச் சுட்டு விதைத்து ஜீவிக்கிற ஏழைகள் கிழங்கு தோண்டித் தின்றார்கள். மிஷனரிகள் அவர்களுடன் நின்று, அரிசி வரவழைத்து உதவினார்கள். சபை கரைந்து போகவில்லை. 1919இல் மறுபடியும் எழுப்புதல் பெரிய வெள்ளமாய் வந்தது.

கடைசி மட்டும்

1932இல் லொரேன் ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குத் திரும்பினார். ஓய்வா எடுத்தார்? இல்லை. 1894இல் தொடங்கின அந்தக் கேட்டு எழுதுகிற வேலையை விடவே இல்லை. 1940ஆம் ஆண்டில், அவருக்கு எழுபது வயசானபோது, 30,000க்கும் மேற்பட்ட சொற்கள் அடங்கின அவருடைய பெரிய மிசோ அகராதி கல்கத்தாவில் அச்சாயிற்று. 1944இல் லண்டனில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முழு வேதாகமமும் மிசோ பாஷையில் 1959இல்தான் வெளிவந்தது. அதையும் அவர் பார்க்கவில்லை!

இன்றைக்கு என்ன பலன்? 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி மிசோரமில் 100 பேருக்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். எழுத்தே இல்லாதிருந்த ஜனங்களில் 100 பேருக்கு 91 பேர் படித்தவர்கள். தலை வெட்டின மலைகளிலிருந்து நூற்றுக்கணக்கான மிஷனரிகள் இந்தியாவின் மற்ற மாநிலங்களுக்குப் போகிறார்கள். அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பிடி அரிசி! ஒவ்வொரு வேளையும் உலையில் போடுமுன் தாய்மார் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்துவைக்கிறார்கள். 1910இல் ஆரம்பித்த வழக்கம், இன்னும் நிற்கவில்லை. நம்ம தமிழ்ச் சபைகளிலும் இந்தப் பிடி அரிசி உண்டே. என் சபையிலும் ஒரு வயசான அம்மா வாராவாரம் சின்னத் தூக்குவாளியில் கொண்டுவந்து வைக்கிறார்கள். இத்தனை நாள் அதை நான் ஒரு பழக்கமாய்த்தான் பார்த்தேன். இப்போது அந்த வாளியைத் தொடவே பயமாயிருக்கிறது.

பிரியமான ஊழியரே, கண்ணீரோடு ஒரு கிராமத்தில் தனியே உட்கார்ந்திருக்கிறீரா? கணக்குக் கேட்கும்போது தலை குனிகிறீரா? நான் இன்னும் மருங்காபுரியை விட்டுப் போகவில்லை. போ என்று கர்த்தர் சொன்னால் போவேன், இரு என்றால் இருப்பேன். ஆனால் எண்ணிக்கை இல்லை என்கிறதற்காகப் போகமாட்டேன் என்று பொருத்தனை பண்ணியிருக்கிறேன். பிரசங்கத்தைக் குறைத்து, வீடு வீடாய்ப் போய் ஜனங்கள் சொல்வதைக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். சாயங்காலத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கு வேதத்தை வைத்தே எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போதைக்கு வருகிறவர்கள் இரண்டு பேர்.

இரண்டு பேர் போதும். ஐசாலிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

ஜெபிப்போம்: பரலோகப் பிதாவே, விதைக்கிற இடத்தை எங்களுக்குக் காட்டும். அறுப்பை நாங்கள் காண்பதும் காணாததும் உம்முடைய சித்தம். எங்கள் காதைத் திறந்து, எங்கள் ஜனங்களின் பயத்தை நாங்கள் அறியும்படி செய்யும். வறண்ட எங்கள் பூமியிலும் உமது ஆவியின் மழையை ஊற்றும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென். அல்லேலூயா!